விரிப்பின் மறுமுனை

பிறரைக் காப்பதற்கென்றே சில உயிர்கள் இந்தப் பூமியில் அவதரிக்கின்றன. தலைவர் அப்படிப்பட்ட ஓர் உயிர். இதை முதன்முதலில் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொன்னவரும் தலைவர்தான்.

அவருடைய தொழில் சலவை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்பும் கூடம் அவர் வீட்டின் பின்பக்கத்தோடு ஒட்டியிருந்தது. அப்பா வைத்துவிட்டுப் போன தொழில் என்பதால் அதில் அவருக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. தெரு நலச் சங்கம் அப்படியில்லை. அது அவராக ஆரம்பித்து, அவராகத் தலைவராகி, அவராக மாலை வாங்கிப் போட்டுக்கொண்டது. "முதலாளி" என்று கூப்பிட்டால் கழுத்து மட்டும் திரும்பும். "தலைவரே" என்றால் முழு உடம்பும் திரும்பும்.

தெருமுனையில் சங்கத்தின் பலகை நின்றது. "பெண்கள், குழந்தைகள், முதியோர் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு." தலைவரின் படம் பெரிதாகிவிட்டதால் உயிர்மூச்சு மட்டும் பொடி எழுத்தில் ஓரமாகத் திணறிக்கொண்டிருந்தது. பலகைக்கு மேலே ஒரு கேமரா. வேற்று முகம் எது நுழைந்தாலும் தெரிந்துவிடும் என்றார். நாள்தோறும் அதில் தெரிந்தது ஒரு காய்கறி வண்டியும் சில நாய்களும்தான். ஆபத்து என்பது தெருவுக்கு வெளியேயிருந்து, தெரியாத முகத்தோடு, பெரும்பாலும் அழுக்குச் சட்டை போட்டுக்கொண்டு வரும் என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

வீட்டில் அவர், அவர் மனைவி, மனைவியின் தங்கை. தங்கைக்கு வயது முப்பதைத் தாண்டிக் காதோரம் நரைகூட வந்துவிட்டது. அறிவு மட்டும் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தது. சில்லறை எண்ணத் தெரியாது, பஸ்ஸில் தனியாகப் போகத் தெரியாது. பெற்றவர்கள் போன பிறகு அக்காவோடு வந்துவிட்டாள். அக்காவுக்குத் தங்கச்சி; ஆகவே கூடத்தில் எல்லோருக்குமே தங்கச்சி.

"எங்க தங்கச்சி வாயில 'மாட்டேன்'ங்கற பேச்சே வராது," என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் தலைவர் காட்சிக்கு வைப்பார். "உக்காருன்னா உக்காரும், நில்லுன்னா நிக்கும். இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரப் பாக்க முடியுமா, சொல்லுங்க?"

வந்தவர்கள் மெச்சிக்கொள்வார்கள். கை கொடு என்றால் தங்கச்சி கை கொடுப்பாள். பக்கத்தில் உட்கார் என்றால் உட்காருவாள். முகம் சுளித்தால் அக்காவே கண்ணால் அதட்டுவாள். எல்லோரும் சேர்ந்து வருஷக்கணக்கில் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

கூடத்தில் அவளுக்கு மடிப்பு வேலை. பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, பாதியாக்கி, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். நடுவில் கையும் கையும் சேரும். ஒருவர் முனைகளை மற்றவரிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து கீழே தொங்கும் மடிப்பைத் தூக்குவார். பார்க்கிறவர்களுக்கு நடனம் மாதிரி இருக்கும். செய்கிறவர்களுக்கு இடுப்பு வலி. தங்கச்சிக்கு மட்டும் அது பிடித்திருந்தது. கைகள் சேரும் ஒவ்வொரு முறையும் "வந்தாச்சு!" என்பாள்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. மொட்டைமாடிக் கொடிகள் காலியாகி, கூடத்துக்குள், நடையில், கடைசியில் வீட்டுக்குள்ளும் கொடி கட்டி விரிப்புகள் தொங்கின. சோற்றிலும் சோப்பு வாசம் அடித்தது. லாட்ஜ் மேனேஜர்கள் போன் போட்டுக் கத்தினார்கள். இந்த நெருக்கடியில்தான் தங்கச்சி விரிப்பைக் கீழே விடத் தொடங்கினாள். எதிரில் இருப்பவர் நெருங்கும்போது, கைகள் சேரப் போகும் நேரத்தில், சட்டென்று விட்டுவிட்டுப் பின்னால் போவாள். வெளுத்த விரிப்பு ஈரத்தரையில் விழும். மறுபடி சலவைச் சோடா, மறுபடி மெஷின்.

அழுக்குத் துணி பிரிக்கும் அம்மாவுக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். அவள் பேசினால் அண்டா உருண்ட மாதிரி இருக்கும்.

"முதலாளி, தங்கச்சிக்கு என்னவோ ஆயிப்போச்சு. எங்களோட மடிச்சா எப்பவாவதுதான் விடுது. மாஸ்டர் கிட்ட வந்தா விட்டுட்டு ஓடுது."

"மாஸ்டரோடயா? அவரு எவ்வளவு பொறுமையான ஆளு!"

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள் வெண்கலம். ஆனால் எதைச் சொல்கிறாள் என்பதைச் சொல்லவில்லை.

மாஸ்டர் இஸ்திரி அறைக்குப் பொறுப்பு. தலைவரின் அப்பா காலத்து ஆள். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அதிராத குரல், பீடி இல்லை, குடி இல்லை, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. சட்டைப் பையில் எந்நேரமும் மிட்டாய். தலைவரின் கேமரா தேடிக்கொண்டிருந்த முகத்துக்கு நேர் எதிரான முகம். அதனால் தலைவர் ஒரு நிர்வாக முடிவு எடுத்தார்: இனித் தங்கச்சி மாஸ்டரோடு மட்டும்தான் மடிக்க வேண்டும். பழகப் பழகப் பயம் போய்விடும். இஸ்திரி அறையிலேயே மடித்தால் தரையும் ஈரமில்லை, விழுந்தாலும் மறுசலவை மிச்சம்.

இந்த யோசனை தோன்றியதற்காக அன்று அவர் தன்னையே பாராட்டிக்கொண்டு ஒரு டீ கூடுதலாகக் குடித்தார்.

சில நாள் கழித்துத் தங்கச்சி அவர் மேசையருகே வந்து நின்றாள். சங்கத்தின் பாதுகாப்பு வாரக் கூட்டத்துக்குத் தலைமையுரை தயாராகிக்கொண்டிருந்தது. "விழிப்புணர்வு என்பது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு, அது என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் மாஸ்டரோட மடிக்க மாட்டேன்."

"என்னது?"

"மாஸ்டரோட வேணாம் மாமா. மாட்டேன்."

வாழ்நாளில் அவள் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. தலைவருக்குத் தன் வீட்டுப் பொருள் ஒன்று உடைந்துபோன மாதிரி இருந்தது. குரல் கொடுத்தார். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"என்ன மாஸ்டர், உங்களோட மடிக்க மாட்டாளாம்!"

"மழைக்குச் சோம்பல் தலைவரே," என்று மாஸ்டர் சிரித்தார். "நான் ஏதாவது திட்டினேனா தங்கச்சி? சொல்லு, மாமாகிட்ட சொல்லு."

தங்கச்சி தரையைப் பார்த்தாள்.

"பாத்தியா, ஒண்ணும் இல்ல. உன்னக் கூடப் பிறந்தவளாட்டம் பாத்துக்கறாரு. பெரியவங்க சொன்னா கேக்கணும்மா. போ, போயி வேலையப் பாரு."

மாஸ்டர் ஒரு மிட்டாய் எடுத்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பிரிக்கவில்லை. மூடிய கையோடு மாஸ்டருக்கு முன்னால் நடந்து போனாள். தலைவர் விழிப்புணர்வுக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு விடுமுறை. வீட்டுக்குள் தொங்கிய விரிப்புகள் ஒருவழியாகக் காய்ந்திருந்தன. அக்காவும் தங்கையும் அவற்றை மடித்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு விரிப்புக்கு இந்தப் பக்கம் தலைவர் சட்டை தேடிக்கொண்டிருந்தார். அக்கா நெருங்கினாள். தங்கச்சி முனைகளை விட்டுவிட்டாள்.

"ஏண்டி விட்ட?" அக்காவின் குரலில் கோபம் இல்லை. காய்ந்த வீட்டுத் தரைதானே.

"கிட்ட வந்துட்ட."

"நான்தானே வர்றேன். உங்க அக்காதானே?"

"கிட்ட வந்தா மாஸ்டர் கைய வெப்பாரு."

விரிப்புக்கு அந்தப் பக்கம் அக்கா மெதுவாகக் கேட்டாள்: "எங்கடி?"

இடம் சொல்லத் தங்கச்சிக்கு வார்த்தை இல்லை. அந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. விரலால் காட்டியிருக்க வேண்டும். அக்கா மூச்சை இழுத்தது தலைவருக்குக் கேட்டது.

"கதவ சாத்திடுவாரு. அது வெளையாட்டாம். எனக்குப் பிடிக்கல. அக்காகிட்ட சொன்னா அக்கா அழுவாளாம். நீ அழுவியாக்கா?"

"அழ மாட்டேன். நீ சொல்லு."

"வலிக்குது. அவ்வளவுதான்."

"நீ ஒண்ணும் தப்பு பண்ணல. கேட்டியா? நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல எந்தத் தப்பும் இல்ல."

"மாமாகிட்ட சொன்னேன். மாமா மாஸ்டரக் கூப்பிட்டாரு."

தலைவர் ஓசைப்படாமல் பின்வாசல் வழியாகக் கூடத்துக்குப் போனார். எதற்குப் போனார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுத் துணிக்கூடையில் மேலாகத் தங்கச்சி நேற்று வேலைக்குப் போட்டிருந்த சுடிதார் கிடந்தது. அவர் அதை எடுத்தார். சின்ன மெஷினில் போட்டார். சோடாவை அள்ளிக் கொட்டினார், அளவுக்கு மேலேயே. கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நல்ல எண்ணம் என்றும் சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்துக் கைகளுக்கு ஒரு சங்கடம் வந்தால் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

திரும்பி வந்தபோது மனைவி சமையலறையில் போனோடு நின்றிருந்தாள். தங்கச்சி முன்னறையில் பன்னைத் தின்றுகொண்டிருந்தாள்.

"யாருக்குப் போன்?"

"உதவி எண்ணுக்கு. பொம்பளைங்களுக்குன்னு இருக்கே, அதுக்கு."

"கொஞ்சம் பொறு. அவசரப்பட்டு எதுவும் பண்ணிடாத. நாளைக்கு நான் கூப்பிட்டு விசாரிக்கிறேன். ரெண்டு பேரையும் எதிர் எதிரா நிக்க வெச்சு..."

"ஏற்கெனவே ஒரு தடவ நிக்க வெச்சீங்களே. போதாதா?"

தலைவர் வேறு வழியாக வந்தார்.

"அதுக்கில்ல. அவளுக்கு அவ்வளவு விவரம் கிடையாது. ஏதாவது டிவியில பாத்துட்டு, கனவு கினவு கண்டு..."

"விவரம் இல்லாதவ இத எங்கேருந்துங்க கட்டிச் சொல்லுவா?"

"வெளிய தெரிஞ்சா பேரு கெட்டுப்போகும்மா."

"யார் பேரு?"

"அவ பேருதான்."

"அவ பேரு கெட அவ என்ன செஞ்சா? உங்க பேருன்னு சொல்லுங்க. அதையாவது நேரா சொல்லுங்க."

போனில் யாரோ எடுத்தார்கள். மனைவி சொல்லச் சொல்ல மறுமுனையில் ஒரு பெண்குரல் நிதானமாகக் கேட்டது. பிறகு எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று சொன்னது. மனைவி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லித் தலையாட்டினாள். "சரிங்க. திரும்பத் திரும்பக் கேக்கல. சரிங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுக்கல. அந்தாளுக்குத் தெரியப்படுத்தல. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். சரிங்க. போட்டிருந்த துணியத் துவைக்காம..."

பேச்சு நின்றது. கூடத்திலிருந்து மெஷின் சுற்றும் சத்தம் மழையையும் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. மனைவி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்தார். சோடா ஒட்டியிருந்தது.

அவள் போய் மெஷினை நிறுத்தி, சொட்டச் சொட்டச் சுடிதாரை எடுத்து ஒரு பையில் வைத்தாள். திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. ஸ்டேஷனில் சாதாரணப் புடவையில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். தங்கச்சியைப் போன்றவர்களோடு பேசிப் பழகிய ஓர் ஆசிரியையும் வந்தார். மூவருமே தங்கச்சியிடம் "தொடலாமா?", "உக்காரலாமா?", "இப்பப் பேசலாமா, அப்புறமா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் எதையும் செய்தார்கள். யாரும் தன்னிடம் அனுமதி கேட்டுப் பழக்கமில்லாததால் ஒவ்வொரு கேள்விக்கும் தங்கச்சி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "உன்னத்தாம்மா கேக்கறேன்," என்றார் ஆசிரியை. தங்கச்சி வெகுநேரம் யோசித்து, "அப்புறமா" என்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர்கூட.

தலைவரை இன்ஸ்பெக்டர் தனியாகக் கூப்பிட்டார். துணி விஷயத்தை மனைவி முன்பே சொல்லிவிட்டிருந்தாள். "பரவாயில்ல, அது மட்டுமே ஆதாரம் இல்ல. அவங்க தெளிவாவே சொல்றாங்க," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு, "உங்ககிட்ட இதுக்கு முன்னாடி சொல்லியிருக்காங்களா?"

தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். மேடையில் நன்றியுரையின்போது குனிவதைவிட இது கனமான குனிவு.

"சொன்னாம்மா. ஒரு தடவ சொன்னா. நான்தான் காதுல போட்டுக்கல."

இன்ஸ்பெக்டர் அதைப் பதிந்துகொண்டு, "நீங்க மறைக்காம ஒத்துக்கிட்டது நல்லது," என்றார். அந்த வார்த்தையைத் தலைவர் வீடு வரும்வரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் தேய்த்த சட்டையோடு வேலைக்கு வந்தார். அவருக்கு முன்பே இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். அழைத்துக்கொண்டு போகும்போது மாஸ்டர் அதிராத குரலில், "தலைவரே, நீங்களாவது சொல்லுங்க, என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தலைவருக்கு எதுவும் தெரியாது என்பதுதான் அப்போது அவருக்குத் தெரிந்திருந்தது.

கூடம் இரண்டு நாள் கிசுகிசுத்தது. அந்த மனுஷனா, தங்கமான மனுஷனாச்சே, என்று ஒரு பாதி. ஆமாம், நானும் அப்பவே நெனச்சேன், என்று மறு பாதி. வெண்கலம் எந்தப் பாதியிலும் சேராமல் தலைவரின் மேசையருகே வந்து நின்றாள். அவளுக்கு மெதுவாகப் பேசவும் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"இஸ்திரி ரூம் கதவு சாத்தியிருந்தத நான் பாத்தேன் முதலாளி. அந்த வேக்காட்டுல யாராவது கதவச் சாத்துவாங்களா? பாத்தேன். பாத்துட்டு வந்து துணி பிரிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"கிட்ட வந்தா விட்டுட்டு ஓடுதுன்னு சொன்னேனே. அதுக்கு மேல சொல்ல வாய் வரல. நீங்க அவரையே ஜோடி போட்டு விட்டீங்க. சரி, பெரியவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடும்னு..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கும் பொம்பளைப் பிள்ள இருக்கு முதலாளி. அவ சொன்னா நான் எப்படிக் கேப்பேன்னு நெனச்சா பயமா இருக்கு."

அந்த வாரமே தச்சரை வரவழைத்து இஸ்திரி அறைக் கதவைக் கழற்றச் சொன்னாள் மனைவி. கழற்றிய கதவை எங்கே வைப்பது என்பது ஒன்றுதான் தலைவரிடம் கேட்கப்பட்டது. ஆசிரியை வாரந்தோறும் வந்தார். உடம்பின் எல்லா இடத்துக்கும் பேர் உண்டு, அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம் என்று தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்தார். ரகசியம் என்று யாராவது பயமுறுத்தினால் உடனே வந்து சொல்ல வேண்டும். ஒருவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். அவரும் கேட்காவிட்டால் அடுத்தவரிடம். அக்காவுக்கும் வேறு பாடம் இருந்தது: வருகிறவர்களுக்குக் கை கொடுக்கச் சொல்லி அவளைத் தள்ளக் கூடாது. அக்கா அதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

"வேணாம்" சொல்லவும் ஆசிரியை பழக்கினார். தங்கச்சி அதைக் கைக்குக் கிடைத்த எல்லாவற்றின் மேலும் பழகிப் பார்த்தாள்.

"டீ?"

"வேணாம்."

"சரி, கொண்டுபோயிடறேன்."

"குடு."

பாதுகாப்பு வாரக் கூட்டம் மழை காரணமாக ஒத்திவைக்கப்பட்டது. தலைவர்தான் அறிவித்தார். அன்றைக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வெயில் வந்ததும் விரிப்புகள் மொட்டைமாடியில் மொடமொடவென்று காய்ந்து குவிந்தன. மடிக்க ஆள் போதவில்லை. தங்கச்சி யாரோடு மடிப்பாள் என்பதைத் தங்கச்சியே சொல்வாள் என்பது இப்போது சட்டம். வெண்கலத்தோடு மடித்தாள், அக்காவோடு மடித்தாள். இன்னும் "வந்தாச்சு" சொல்லத் தொடங்கவில்லை, ஆனால் கீழே விடவில்லை. தலைவர் இதையெல்லாம் மாடிப்படியருகே நின்று பார்த்தார். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை எடுத்தார். பிடித்த விதத்திலேயே வெண்கலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாம்மா தங்கச்சி. மாமாவோட மடிக்கிறியா?"

தங்கச்சி யோசித்தாள். "வேணாம்."

"சரிம்மா, சரி." சிரிக்கப் பார்த்தார். விரிப்பின் மறுமுனை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதோடு விட்டிருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்மா? மாமா உனக்கு என்ன பண்ணேன்?"

"மாமாகிட்ட சொன்னேன். மாஸ்டரக் கூப்பிட்டாரு." தங்கச்சி அக்காவைப் பார்த்துச் சொன்னாள், புகாராக அல்ல, கேட்டதற்குப் பதிலாக. "அப்புறம் குளிக்கப் போறப்ப நடையில சொன்னேன். மாமா போன்ல பேசிட்டு இருந்தாரு, கையக் காட்டி போ போன்னாரு. அப்புறம் வண்டிக்கிட்ட வெச்சு சொன்னேன். 'சரி சரி, பாத்துக்கலாம்'னாரு."

வெண்கலத்தின் சிரிப்பு நின்றது. மனைவி தன் கையிலிருந்த விரிப்பை நிதானமாகக் கொடியில் போட்டாள்.

"ஸ்டேஷன்ல ஒரு தடவன்னு சொன்னீங்க."

"அந்தப் பதட்டத்துல..."

"ஒரு தடவன்னு."

"நாளைக்கே போயி இன்ஸ்பெக்டரம்மாகிட்ட திருத்திச் சொல்லிடறேன்," என்றார் தலைவர்.

இதெல்லாம் நடந்து இப்போது அடுத்த மழையும் வந்துவிட்டது. வழக்கு நடக்கிறது. தங்கச்சி ஆசிரியையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீதிபதியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

தலைவர் இன்னும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.